படம் ஃபோல்டரில் இருக்கிறது, செயலியில் இல்லை: தேட நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், டாட் நெட் மாவி என்று எதில் எழுதினாலும் என்றாவது ஒரு நாள் இங்கே வந்து நிற்போம். ஐகான் கோப்பு ஃபோல்டரில் இருக்கிறது, ஃபோனில் இல்லை. ஃபான்ட் ஆண்ட்ராய்டில் வருகிறது, ஐஃபோனில் வரவில்லை. சோதனைக்கான டீபக் பில்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில் நோட்டிஃபிகேஷன் படத்தைக் காணோம். நாம் எழுதும் கோடு ஒன்றுதான். ஆனால் அதற்கு அடியில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு புராஜெக்ட்டும் ஐஓஎஸ்ஸுக்கு ஒரு புராஜெக்ட்டும் இருக்கின்றன. அன்றாடம் அவற்றை நாம் திறந்து பார்ப்பதில்லை. ஐகான், ஃபான்ட், ஒலி போன்ற ரிசோர்ஸ் தொலைவது பெரும்பாலும் அங்கேதான்.

அந்த நேரத்தில் நம் முன் நான்கு வழிகள் இருக்கும். க்ளீன் செய்து, அதாவது முந்தைய பில்டின் கோப்புகளை அழித்து, திரும்ப பில்டு போடலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலோ எக்ஸ்கோடிலோ அடிப்புராஜெக்ட்டைத் திறந்து பார்க்கலாம். பில்டு ஆகி வெளியே வந்த ஏபிகே (ஆண்ட்ராய்டு) அல்லது ஐபிஏ (ஐஓஎஸ்) பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபோல்டர்களையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். எதில் தொடங்குவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலானோர் முதல் வழியில் தொடங்கி, அது பலிக்காவிட்டால் நேராக நான்காவதுக்குத் தாவுகிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டும்தான் காரணத்தைச் சொல்லும் வழிகள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், காரணம் தெரியவருமா என்பது. பிரச்சினை மறைவது வேறு, ஏன் வந்தது என்று தெரிவது வேறு. காரணம் தெரியாமல் மறைந்த பிரச்சினை அடுத்த ரிலீஸில் திரும்ப வரும். அதனால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது, நேரம். மூன்றாவது, தேடும்போதே வேறு எதையாவது கெடுத்துவிடுவோமா, அல்லது இருக்கும் தடயத்தை அழித்துவிடுவோமா என்பது. நான்காவது, செய்த திருத்தம் நிலைக்குமா. கடைசியாக, என்ன கருவி வேண்டும், குறிப்பாக மேக் கணினி தேவைப்படுமா.

இன்னொன்றையும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ரிசோர்ஸ் "காணவில்லை" என்றால் நான்கில் ஒன்று நடந்திருக்கும்: ஒன்று, அது பொட்டலத்துக்குள் சேரவே இல்லை; இரண்டு, சேர வேண்டியது வழியில் நீக்கப்பட்டது; மூன்று, உள்ளே இருக்கிறது, ஆனால் வேறொன்று முந்திக்கொண்டது; நான்கு, பழையது எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த வழி இவற்றில் எதைக் காட்டும் என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

## வழி 1: க்ளீன் செய்து திரும்ப பில்டு

ஃப்ளட்டரில் க்ளீன் கட்டளை பில்டு ஃபோல்டரையும் டார்ட் டூல் ஃபோல்டரையும் அழிக்கும். மாவியில் க்ளீன் எல்லாவற்றையும் துடைப்பதில்லை, அதனால் பின், ஆப்ஜ் ஃபோல்டர்களைக் கையாலேயே அழிப்பவர்கள்தான் அதிகம். எக்ஸ்கோடுக்கு டிரைவ்டு டேட்டா ஃபோல்டர்.

இது நான்காவது வகைக்கு மட்டுமே மருந்து, அதாவது பழையது ஒட்டிக்கொண்டிருக்கும்போது. கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் கிளை மாற்றியிருந்தால், ஃப்ரேம்வொர்க் பதிப்பை உயர்த்தியிருந்தால், ஒரு படத்தின் பெயரை மாற்றிய பிறகும் பழைய பெயரிலேயே பிழை வந்தால், தயங்காமல் க்ளீன் செய்யலாம்.

மறைந்திருக்கும் செலவு என்ன? நேரம் போவது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, தடயமும் சேர்ந்து போகிறது என்பது. ஆண்ட்ராய்டில் எந்த லைப்ரரி மேனிஃபெஸ்ட்டில் (செயலியின் அனுமதிகள் முதலியவற்றை அறிவிக்கும் கோப்பு) எந்த வரியைச் சேர்த்தது, எது எதை மாற்றியது என்று வரிவரியாகச் சொல்லும் அறிக்கை பில்டு ஃபோல்டரின் லாக்ஸ் பகுதியில்தான் இருக்கும். ஒன்றுசேர்க்கப்பட்ட ரிசோர்ஸ்களும் அதே பில்டு ஃபோல்டரில்தான் இருக்கும். க்ளீன் செய்த கையோடு எல்லாம் போய்விடும். அதன் பிறகு பிரச்சினை மறைந்தாலும் ஏன் மறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு ஒரு நகல் எடுத்துவிட்டாவது அழியுங்கள்.

க்ளீன் செய்தும் பயன்படாத ஓர் இடம் ஐஓஎஸ் லாஞ்ச் ஸ்கிரீன். புதிய படம் போட்டும் பழையதே வருகிறது என்றால், அது ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் கணினியில் இல்லை, ஃபோனில். செயலியை நீக்கி, ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப நிறுவ வேண்டும். அதேபோல, செயலி ஓடும்போதே கோடு மாற்றத்தைக் காட்டும் ஹாட் ரீலோடில் ஐகானோ மேனிஃபெஸ்ட் மாற்றமோ வராது. அதற்கு க்ளீன் தேவையில்லை, செயலியை நிறுத்திவிட்டு முழு பில்டு போட்டாலே போதும்.

## வழி 2: அடிப்புராஜெக்ட்டை நேரடியாகத் திறப்பது

இங்கே முதல் தடங்கல், கோடு எழுதும் மென்பொருளான ஐடிஇயே ஏற்படுத்துவது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இடப்பக்கம் வழக்கமாகக் காட்டும் "ஆண்ட்ராய்டு" பார்வை, டிஸ்க்கில் இருப்பதை அப்படியே காட்டுவதில்லை. ஒரே படத்தின் வெவ்வேறு திரை அடர்த்திக் கோப்புகளை ஒரே பெயருக்குக் கீழே தொகுத்துவிடும், பில்டு ஃபோல்டரை மறைத்துவிடும். "புராஜெக்ட்" பார்வைக்கு மாற்றினால் உண்மையான ஃபோல்டர் அமைப்பு தெரியும். ஃப்ளட்டர் புராஜெக்ட்டின் வேரைத் திறக்காமல், அதற்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோல்டரை மட்டும் தனி புராஜெக்ட்டாகத் திறந்தால் ஆண்ட்ராய்டு பில்டை ஓட்டும் கிரேடிலின் கருவிகள் முழுதாக வேலை செய்யும். மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்ததும் கீழே வரும் "மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்" தாவலைத் தவறாமல் பாருங்கள். நீங்கள் கேட்காத அனுமதி எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்பது அங்கே தெரியும்.

ஒரே பெயரில் இரண்டு ரிசோர்ஸ்கள் இருந்தால் எது வெல்லும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு, முன்னால் இருப்பது வெல்லும்: பில்டு வேரியன்ட், பில்டு டைப் (டீபக், ரிலீஸ்), புராடக்ட் ஃப்ளேவர், மெயின், அப்புறம் லைப்ரரிகள். டீபக்குக்கு என்று யாரோ தனி ஐகான் வைத்திருந்தால், மெயினில் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் டீபக் பில்டில் அது தெரியப் போவதில்லை.

ஐஓஎஸ் பக்கம் கதை வேறு. ஆண்ட்ராய்டில் ரெஸ் ஃபோல்டருக்குள் கோப்பை வைத்தாலே பில்டு அதை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்கோடில் ஃபைண்டர் வழியாக ஃபோல்டரில் போட்டால் மட்டும் போதாது, டார்கெட்டில், அதாவது எக்ஸ்கோடு உருவாக்கும் செயலியின் பட்டியலில், சேர்க்க வேண்டும். "காப்பி பண்டில் ரிசோர்ஸஸ்" பட்டியலில் அந்தக் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கான கூகுள் சர்வீஸ் இன்ஃபோ பிலிஸ்ட் கோப்பை ஃப்ளட்டரின் ரன்னர் ஃபோல்டரில் சரியாக வைத்தும் செயலி திறந்ததுமே விழுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். எக்ஸ்கோட் 16-இல் ஃபோல்டரோடு தானாக ஒத்திசையும் முறை வந்திருக்கிறது. ஆனால் பழைய அமைப்பில் உருவான புராஜெக்ட்கள் பழைய முறையிலேயே தொடர்கின்றன. ஐஓஎஸ் லைப்ரரிகளை (பாட்களை) சேர்க்கும் கோகோபாட்ஸ் பயன்படுத்தும் புராஜெக்ட் என்றால் ஒர்க்ஸ்பேஸ் கோப்பைத் திறங்கள். புராஜெக்ட் கோப்பைத் திறந்தால் பாட்கள் எதுவும் வராது.

ஃபான்ட் பிரச்சினைக்கும் இந்த வழி நல்லது. ரியாக்ட் நேட்டிவில் ஆண்ட்ராய்டு ஃபான்டைக் கோப்பின் பெயரால் தேடும், ஐஓஎஸ் ஃபான்டுக்குள் பதிந்திருக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரால் தேடும். இரண்டும் வேறாக இருந்தால் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் வராது. கோப்பின் பெயரையே போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயராக மாற்றிவிடுவது நான் கண்டவரை மிக எளிய தீர்வு. ஐஓஎஸ்ஸில் இன்ஃபோ பிலிஸ்ட்டின் ஃபான்ட் பட்டியலிலும் அந்தக் கோப்பு இருக்க வேண்டும்.

இந்த வழியின் செலவு இரண்டு. ஐஓஎஸ்ஸுக்கு மேக் கட்டாயம். அப்புறம், இங்கே நீங்கள் பார்ப்பது எது உள்ளே போக வேண்டும் என்ற திட்டம். எது போனது என்பதை இது சொல்லாது.

## வழி 3: பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது

ஃபோனுக்குப் போவது உங்கள் ஃபோல்டர் இல்லை, இந்தப் பொட்டலம். ஏபிகே, ஐபிஏ இரண்டுமே ஜிப் கோப்புகள்தான். ஐபிஏவைப் பிரித்தால் பேலோடு என்ற ஃபோல்டருக்குள் செயலி இருக்கும். ஏபிகேவுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பில்டு மெனுவில் ஏபிகே அனலைசர் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

ஃப்ளட்டர் தன் அசெட்களை ஏபிகேயில் அசெட்ஸ் ஃபோல்டருக்குள் ஃப்ளட்டர் அசெட்ஸ் என்ற துணை ஃபோல்டரில் வைக்கும். ஐஓஎஸ்ஸில் ஃப்ரேம்வொர்க்ஸ் ஃபோல்டரில் ஆப் ஃப்ரேம்வொர்க்குக்குள் அதே பெயரில் இருக்கும். அங்கே படம் இல்லையென்றால் முதலில் அசெட்களைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பைப் பாருங்கள். அதில் ஒரு ஃபோல்டரைக் குறிப்பிட்டால் அதற்கு நேரடியாக உள்ளே இருக்கும் கோப்புகள் மட்டும்தான் சேரும். துணை ஃபோல்டர்களைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 2 மடங்கு, 3 மடங்கு அடர்த்திக்கான ஃபோல்டர்கள் மட்டும் விதிவிலக்கு.

ரியாக்ட் நேட்டிவில் டீபக் ஏபிகேவைப் பிரித்துப் படத்தைத் தேடிக் கலங்காதீர்கள், அங்கே இருக்காது. டீபக்கில் படங்கள் உங்கள் கணினியில் ஓடும் மெட்ரோ சர்வரிலிருந்து வருகின்றன. ரிலீஸில்தான் அவை ரெஸ் ஃபோல்டரின் டிராயபிள் பகுதிக்குள் சேர்கின்றன. அப்போது ஃபோல்டர் பாதை முழுவதும் அடிக்கோடுகளால் ஒட்டப்பட்டு ஒரே பெயராகிவிடும். டீபக்கில் தெரிந்த படம் ரிலீஸில் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த இரட்டை வழிதான். மாவியில் எஸ்விஜி படங்கள் பில்டின்போது பிஎன்ஜி ஆகிவிடுகின்றன. கோடில் பிஎன்ஜி என்று எழுதினால்தான் கிடைக்கும்.

இந்த வழியின் உண்மையான அருமை ரிலீஸ் பில்டில் தெரியும். ஆண்ட்ராய்டு ரிலீஸ் பில்டில் ரிசோர்ஸ் ஷ்ரிங்கர் என்று ஒன்று ஓடும். ஃப்ளட்டர் அதை வழக்கமாகவே இயக்கிவிடுகிறது. யாரும் பயன்படுத்தாத ரிசோர்ஸ்களை நீக்குவது அதன் வேலை. ஆனால் அது பார்ப்பது ஜாவா, கோட்லின் கோடையும் எக்ஸ்எம்எல் கோப்புகளையும்தான். ஃப்ளட்டரின் மொழியான டார்ட் கோடில் ஒரு சரமாக "இந்தப் படத்தை நோட்டிஃபிகேஷனில் காட்டு" என்று எழுதியிருந்தால் அதன் கண்ணுக்கு அது தெரியாது. யாருக்கும் வேண்டாத படம் என்று நினைத்து எடுத்துவிடும். நோட்டிஃபிகேஷன் ஐகானும் ஒலிக் கோப்பும் டீபக்கில் வந்து ரிலீஸில் வராமல் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். ரெஸ் ஃபோல்டருக்குள் ரா என்ற ஃபோல்டரில் ஒரு கீப் கோப்பை வைத்து, எதையெல்லாம் தொடக் கூடாது என்று அதில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு முறை இரண்டு நாள் க்ளீன் செய்துகொண்டே இருந்துவிட்டு, கடைசியில் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

ரிலீஸ் ஏபிகேவைச் சாதாரண ஜிப் கருவியில் பிரித்தால் ஒரு குழப்பம் வரும். ரெஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர்களே இருக்காது, ஓரிரு எழுத்துப் பெயர்களாக இருக்கும். அளவைக் குறைக்க ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் பாதைகளைச் சுருக்கிவிடுகிறது. பயப்பட வேண்டாம். அனலைசரில் ரிசோர்ஸ் அட்டவணையைத் திறந்தால் எந்தப் பெயர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று காட்டும். பெயர் இருந்து கோப்பு சில பைட் மட்டுமே இருந்தால், பழைய ஷ்ரிங்கர் நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வகை, அதாவது உள்ளே இருந்தும் வேறொன்று முந்துவதும் இங்கேதான் பளிச்சென்று தெரியும். ஐகானை எல்லா அடர்த்திக்கும் மாற்றியும் ஃபோன் பழைய ஐகானையே காட்டுகிறதா? ஆண்ட்ராய்டு 8 முதல் அடாப்டிவ் ஐகான் உண்டு. மிப்மேப் எனிடிபிஐ வி26 என்ற ஃபோல்டரில் ஒரு எக்ஸ்எம்எல் இருந்தால், மற்ற அடர்த்திகளின் பிஎன்ஜிகளை அது முந்திவிடும். நோட்டிஃபிகேஷன் ஐகான் வெள்ளைச் சதுரமாக வந்தால் கோப்பு தொலையவே இல்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் அந்தச் சின்ன ஐகானின் நிறங்களைக் கணக்கில் எடுக்காது, ஒளிபுகும் தன்மையை மட்டும் பார்க்கும். பின்னணி நிரம்பிய படம் வைத்தால் சதுரம்தான் மிஞ்சும்.

மொழி விஷயத்தில் பொட்டலத்தைப் பார்த்தும் ஏமாறலாம். கூகுள் பிளேயில் புதிய செயலிகள் 2021 ஆகஸ்ட் முதல் ஆப் பண்டிலாகத்தான் போக வேண்டும். பிளே அதை ஃபோனுக்கு ஏற்றபடி மொழி, அடர்த்தி, பிராசசர் எனத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். ஃபோன் ஆங்கிலத்தில் இருந்தால் ஆண்ட்ராய்டு சரங்களில் ஆங்கிலம் மட்டும் வரும். செயலிக்குள்ளேயே தமிழுக்கு மாறும் பொத்தான் வைத்திருந்தால், அதை அழுத்தும்போது அந்தத் தமிழ்ச் சரங்கள் ஃபோனில் இருக்காது. உங்கள் கணினியில் போட்ட ஏபிகேயில் எல்லா மொழியும் இருக்கும் என்பதால் இது பிடிபடவே பிடிபடாது. கிரேடில் கோப்பில் மொழிப் பிரிப்பை நிறுத்துவதுதான் எளிய வழி. சோதிக்க கூகுளின் பண்டில்டூல் கருவி கொண்டு ஒரு குறிப்பிட்ட ஃபோனுக்கான துண்டுகளை உருவாக்கிப் பார்க்கலாம்.

ஐஓஎஸ் பொட்டலத்தில் அசெட் கேட்டலாக் படங்கள் அசெட்ஸ் கார் என்ற ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க மேக்கில் உள்ள அசெட்யூட்டில் கருவி வேண்டும். சிமுலேட்டரில் வந்து ஐஃபோனில் மட்டும் வராத படம் என்றால், பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். மேக் டிஸ்க் வழக்கமாக அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது, ஐஃபோன் கண்டுகொள்ளும்.

செலவு என்று சொன்னால், கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது வேண்டும். வேறு எதையும் இது கெடுக்காது.

## வழி 4: ஃபோல்டரை அழித்துப் புதிதாக உருவாக்குவது

ரியாக்ட் நேட்டிவுக்கான எக்ஸ்போ கருவித்தொகுப்பில் ப்ரீபில்டு க்ளீன் என்றால் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபோல்டர்கள் அழிந்து, கான்ஃபிக் கோப்பிலிருந்து திரும்ப உருவாகும். தொடக்கம் முதலே எல்லா மாற்றத்தையும் கான்ஃபிக் பிளகின் வழியாகச் செய்து வந்த புராஜெக்ட்டுக்கு இது மிகச் சுத்தமான வழி. நிலைக்கும் திருத்தம் என்ற அளவுகோலில் இதற்கு நிகரில்லை. அதே புராஜெக்ட்டில் வழி 2-இல் போய் எக்ஸ்கோடில் கையால் திருத்தினால், அடுத்த ப்ரீபில்டில் அது போய்விடும்.

கையால் திருத்தி வளர்ந்த புராஜெக்ட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஃப்ளட்டரில் ஆண்ட்ராய்டு ஃபோல்டரை அழித்துவிட்டு கிரியேட் கட்டளை கொடுத்தால் புதிய ஃபோல்டர் வரும், உண்மைதான். நிறுவனப் பெயரைச் சொல்லாமல் விட்டால் செயலியின் அடையாளம் "காம் எக்ஸாம்பிள்" என்று தொடங்கும். பிளே அதை உங்கள் செயலியாக ஏற்காது. ஐஓஎஸ்ஸில் கேமராவுக்கான விளக்க வரி இன்ஃபோ பிலிஸ்ட்டில் இல்லாமல் போனால், கேமராவைத் தொட்டதும் ஐஓஎஸ் செயலியை நிறுத்திவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து கையெழுத்துச் சாவி, அதாவது செயலி உங்களுடையது என்று உறுதிசெய்யும் கீஸ்டோர் கோப்பு. ஃப்ளட்டர் உருவாக்கும் கிட் இக்னோர் கோப்பு கீஸ்டோர்களைக் கிட்டில் சேர்ப்பதில்லை. சாவி ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருந்திருந்தால் கிட்டிலிருந்து மீட்க முடியாது.

## ஒரே பார்வையில்

| | க்ளீன் | ஐடிஇயில் திறப்பது | பொட்டலம் பிரிப்பது | புதிதாக உருவாக்குவது |
|---|---|---|---|---|
| காரணம் தெரியுமா | தெரியாது | சேராததன் காரணம் தெரியும் | நீக்கப்பட்டதும் முந்தப்பட்டதும் தெரியும் | தெரியாது |
| நேரம் | அடுத்த பில்டு முழுதாக ஓடும் | அரை மணி வரை | பழகினால் ஐந்து நிமிடம் | அரை நாள் கூட ஆகலாம் |
| கெடுக்குமா | தடயத்தை அழிக்கும் | அரிதாக | கெடுக்காது | கைத்திருத்தங்கள் போகும் |
| திருத்தம் நிலைக்குமா | நிலைக்காது | ப்ரீபில்டு இல்லாவிட்டால் நிலைக்கும் | இது பார்க்க மட்டும் | கான்ஃபிக் வழி என்றால் நிலைக்கும் |
| மேக் வேண்டுமா | ஐஓஎஸ்ஸுக்கு வேண்டும் | ஐஓஎஸ்ஸுக்கு வேண்டும் | அசெட்ஸ் காருக்கு மட்டும் | ஐஓஎஸ் பில்டுக்கு வேண்டும் |

## எந்த நிலைமையில் எது

டீபக்கில் வருகிறது, ரிலீஸில் வரவில்லை என்றால் நேராகப் பொட்டலம். ஒரு தளத்தில் வருகிறது, மற்றதில் வரவில்லை என்றால் முதலில் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எக்ஸ்கோடோ ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ திறக்கலாம். நேற்று வரை வந்தது, கிளை மாற்றியதும் போனது என்றால் க்ளீன். பில்டே ஓடாமல் கோப்புப் பெயரில் பிழை சொன்னால் எதையும் அழிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டின் ரெஸ் ஃபோல்டர் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும், இடைக்கோடு கூட ஆகாது. ஃப்ரேம்வொர்க்கைப் பல பதிப்புகள் தாண்டி உயர்த்தும்போது மட்டும் நான்காவது வழியை யோசிக்கலாம். அதையும் நேரே செய்யாமல், வேறொரு இடத்தில் வெற்றுப் புராஜெக்ட் உருவாக்கி, இரண்டு ஃபோல்டர்களையும் அருகருகே வைத்து வேறுபாடு பாருங்கள்.

மேக் இல்லாமல் தனியாக வேலை செய்பவருக்கு ஒரு வார்த்தை. ஐஓஎஸ் பில்டு வேறு எங்கோ சர்வரில் ஓடினாலும், அங்கிருந்து வரும் ஐபிஏவை உங்கள் கணினியிலேயே பிரிக்கலாம். ஃபான்ட் கோப்பு, பிலிஸ்ட் கோப்பு, ஃப்ளட்டர் அசெட்கள் எல்லாம் அதில் பெயரோடு தெரியும்.

இரண்டாவது முறையும் அதே ரிசோர்ஸ் தொலைந்தால், பார்க்கும் வேலையை பில்டிடமே கொடுத்துவிடுங்கள். கட்டாயம் இருக்க வேண்டிய பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்: நோட்டிஃபிகேஷன் ஐகான், ஒலி, ஃபான்ட், பிலிஸ்ட். ரிலீஸ் பில்டு முடிந்ததும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் பொட்டலத்தைத் திறந்து அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் பில்டை நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் பாதைகள் சுருங்கியிருக்கும் என்பதால், ஜிப் பட்டியலை நம்பாமல் ஆண்ட்ராய்டின் ஏஏபிடி2 கருவியின் டம்ப் கட்டளை தரும் ரிசோர்ஸ் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள்.